கால் மரத்துப்போனால் டாக்டரிடம் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிகளிலும் ஜாப் வொர்க் ஷெட்டுகளிலும் சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பை, பெல்ட், சோஃபா, வண்டி சீட் என்று எதை ஒட்டுகிறவராக இருந்தாலும் இது பொருந்தும். அந்த வேலையால் என் காலும் கையும் விழுந்து, எழுந்து நடக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. வியாதியைவிட அதிகம் படுத்தியது, அது என்ன வியாதி என்று தெரியாமல் அலைந்த காலம். அப்போது யாராவது ஒருவர் எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நகையும் மிஞ்சியிருக்கும், நிம்மதியும் மிஞ்சியிருக்கும்.

எனக்கு வேலை பேஸ்டிங். வெட்டி, ஓரம் சீவி வரும் அப்பர் என்ற ஷூ மேல்பாகத் துண்டுகளில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டு, லைனிங்கை ஒட்டி, ஓரத்தை மடித்துச் சுத்தியால் தட்ட வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணத்தில் சொல்யூஷன் நாள் பூராவும் திறந்தே இருக்கும். கெட்டியானால் தின்னர் ஊற்றிக் கலக்குவோம். விரலில் பிசின் ஏறினால் அதே தின்னரில் துணியை நனைத்துத் துடைப்போம். சாப்பாட்டுக்கு முன்னால் கை சுத்தம் செய்வதும் அதில்தான், சோப்புக்குப் போகாத பிசின் அதற்குத்தான் போகும். மேலே தகர ஷீட், ஒரு பக்கம் ஷட்டர், இரண்டு சீலிங் ஃபேன். 2018 மழைக்காலத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை செய்தோம். அந்தச் சமயத்தில்தான் புது டின் வந்தது. "இது சீக்கிரம் காயும், பீஸ் கணக்கு ஏறும்" என்றார் மேஸ்திரி. உண்மையிலேயே சீக்கிரம் காய்ந்தது. பழைய சொல்யூஷனைவிட நாற்றமும் கம்மி. கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரம், ராத்திரி எட்டு மணி வரை ஓவர்டைம். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் சாப்பாடு பிடிக்காமல் போனது. உடம்பு இளைத்தது. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் கால் விரல் நுனிகள் மரத்தன. வெறுங்காலோடு நடக்கும்போதே காலுறை போட்டிருக்கிற மாதிரி ஒரு உணர்வு. ஒருநாள் வேலை விட்டு வரும்போது பின்னால் வந்த அக்கா, "ஏய், செருப்பை விட்டுட்டுப் போறியே" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் ஒரு செருப்பு நடுரோட்டில் கிடக்கிறது, நான் பத்தடி தாண்டி வந்துவிட்டேன். கழன்றதே தெரியவில்லை. அடுத்த சில வாரங்களில் நிலைப்படியில் விரல் இடிக்க ஆரம்பித்தது. கோலம் போட உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஜாக்கெட் ஹூக் போட விரல் கேட்கவில்லை. இரண்டு காலிலும் ஒரே அளவாக, நுனியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வந்தது. இந்த வரிசையை நன்றாகக் கவனியுங்கள்: முதலில் கால் விரல், பிறகு பாதம், கெண்டைக்கால், அப்புறம் கை விரல், அதுவும் இரண்டு பக்கமும் சேர்ந்து. இடுப்பு எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வலியோடு இழுக்கும். எனக்கு வலியே பெரிதாக இல்லை, அதனாலேயே வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. பி12 குறைவு என்று ஊசி போட்டார்கள். தைராய்டு பார்த்தார்கள். மரத்துப்போகிறதே என்று தொழுநோய்க்கும் தொட்டுப் பார்த்தார்கள், அந்த ஒரு வாரம் வீட்டில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும், மாமியார் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, லேசாக டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று பெல்ட் போடச் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தால் இந்த வயதில் பலருக்கு அப்படி ஏதாவது ஒன்று தெரியும், அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு பக்கம் வாதம் என்று எண்ணெய்க் கட்டு. இத்தனை இடத்திலும் ஓ.பி. சீட்டில் வேலை என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை. புடவை கட்டிக்கொண்டு வந்த பெண் என்றால் அப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். இந்த ஒரு வரி எனக்குப் பல மாதங்களைத் தின்றுவிட்டது. நான் வாய்விட்டுச் சொல்லும் முதல் யோசனை இதுதான்: சீட்டு எழுதும்போதே உங்கள் வேலையைச் சொல்லி எழுத வையுங்கள். 'ஷூ கம்பெனி' என்று மட்டும் சொன்னால் போதாது. ஷூ கம்பெனியில் தையல் மிஷினும் இருக்கிறது, பேக்கிங்கும் இருக்கிறது. "சொல்யூஷன் தடவும் வேலை, ஒருநாளைக்கு இத்தனை மணி நேரம், மூடிய ஷெட்" என்று சொல்ல வேண்டும்.

படி ஏற முடியாத நிலை வந்ததும் வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குயில்லன் பாரே என்ற நோயாக இருக்கலாம், அதுவும் இப்படித்தான் காலிலிருந்து ஏறும் என்றார்கள். அதற்குப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசிக்கு லட்சங்களில் செலவு சொன்னார்கள். என் வீட்டுக்காரர் நகையை அடகு வைக்கப் போய்விட்டார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தபோது அதில் புரதம் கூடவில்லை. குயில்லன் பாரேவில் முதல் வாரம் தாண்டினால் பெரும்பாலும் அது கூடியிருக்கும். அதோடு அந்த நோய் நாலு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், எனக்கோ மாதக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த ஒரு இளம் டாக்டரம்மா இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "என்ன வேலைம்மா பார்க்கறீங்க?" என்றார். ஷூ கம்பெனி என்றேன். "அங்க என்ன பண்ணுவீங்க?" பேஸ்டிங் மேடம் என்றேன். "எதை வெச்சு ஒட்டுவீங்க? உங்க கூட வேலை செய்யறவங்க யாருக்காவது கால் மரத்துப்போகுதா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர் டேபிள் பெண் பிரஷ்ஷைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள். செருப்பைப் பார்த்துச் சொன்ன அந்த அக்காவே, காலில் எறும்பு ஊர்கிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஷெட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி வந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது.

நரம்புக் கடத்தல் சோதனை என்று ஒன்று செய்வார்கள். காலிலும் கையிலும் பட்டன் மாதிரி ஒட்டி, சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்று பார்ப்பார்கள். சுள்ளென்று இருக்கும், தாங்கக்கூடியதுதான். எனக்குக் கணுக்காலில் ஷாக் கொடுத்தபோது பாதம் துள்ளவே இல்லை, சோதனை செய்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போய், குப்பையில் கிடந்த காலி டின்னையும் தின்னர் கேனையும் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வந்தார். டின்னில் பசைப் பெயர் மட்டும்தான் இருந்தது. கேனில் சின்ன எழுத்தில் 110-54-3 என்ற எண் இருந்தது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண், அது என்-ஹெக்சேனுடையது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல லேபிள்களில் ஹெக்சேன் என்று இருக்காது, ரப்பர் சால்வென்ட், பெட்ரோலியம் ஸ்பிரிட் என்று ஏதாவது பெயர் இருக்கும். பசை விற்கும் கம்பெனி எதுவானாலும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று வைத்திருக்க வேண்டும், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பது அதில் இருக்கும். அதை முதலாளியிடம் கேட்க வேலை செய்கிறவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்க பயமாக இருந்தால் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஹெக்சேன் கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் திரவம், தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் பிளான்ட்களிலும் இதுதான் ஓடுகிறது. 69 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் காய்கிறது. மூச்சிலும் தோலிலும் உள்ளே போனதை நம் கல்லீரல் வேறு ஒரு பொருளாக மாற்றுகிறது. அதன் பெயர் 2,5-ஹெக்சேன்டையோன், நரம்பைக் கெடுப்பது அதுதான். உடம்பிலேயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போவது, அதனால் அது முதலில் விழுகிறது. தின்னரில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற எம்.இ.கே.யும் கலந்திருந்தால் ஹெக்சேன் செய்யும் கெடுதல் இன்னும் கூடும். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. 1960களில் ஜப்பானில் வீட்டுப் பட்டறைகளில் வினைல் செருப்பு ஒட்டியவர்களுக்கு இதே வியாதி வந்து, சோதித்த 1,662 பேரில் 93 பேருக்கு நரம்பு கெட்டிருந்தது. இத்தாலியில் ஷூ தொழிலாளர்களுக்கு வந்திருக்கிறது. 2009இல் சீனாவின் சூஜோவில், ஆப்பிளுக்குத் தொடுதிரை செய்துகொடுத்த தொழிற்சாலையில் ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்சேனால் திரையைத் துடைக்க வைத்தார்கள், காரணம் அது சீக்கிரம் காயும் என்பது. 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிளே 2011 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 'சீக்கிரம் காயும்' என்பது எங்கள் மேஸ்திரி சொன்ன அதே வார்த்தை. அரை நூற்றாண்டாகத் தெரிந்த ஒன்று எங்கள் ஷெட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

சிறுநீரில் அந்த 2,5-ஹெக்சேன்டையோனைச் சோதிக்கலாம். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போது, வார வேலையின் கடைசி நாளில் ஷிஃப்ட் முடிந்ததும் எடுக்க வேண்டும். வேலைக்குப் போகாமல் சில நாள் ஆகிவிட்டால் அது உடம்பை விட்டுப் போய்விடும். எனக்கு அதற்குள் காலம் கடந்திருந்தது. தாமதமாக எடுத்து 'நார்மல்' என்று வந்தால், வேலையால் வரவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே முக்கியக் காரணம். 2019 மே மாதத்தோடு நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவும் மருந்து என்று தனியாக எதுவும் இல்லை, அந்தக் காற்றிலிருந்து விலகுவதுதான் மருந்து என்றார். சரி, இனி குறையும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குறையவில்லை, கூடியது. வேலையை விட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் நாளுக்கு நாள் மோசமானது. கெண்டைக்கால் மெலிந்தது, பாதம் தொங்கிப்போனது, தட்டிலிருந்து சோற்றைப் பிசைந்து எடுக்க முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். வீட்டில், "வேலையால வந்ததுன்னா வேலையை விட்டதும் சரியாகணுமே, இது வேற ஏதோ" என்று ஆரம்பித்தார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போகும் பேச்சு வந்தது. முதலாளியும் அதையேதான் சொன்னார். எனக்கே சந்தேகம் வந்தது, ராத்திரியில் இனி படுக்கைதானோ என்று தூக்கமில்லாமல் கிடப்பேன். மறுபடி காட்டப் போனபோதுதான் டாக்டரம்மா சொன்னார், இந்த வியாதியின் குணமே இதுதான். ஏற்கெனவே அடிபட்ட நரம்பு, விஷம் நின்ற பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை கெட்டுக்கொண்டே போய்த்தான் நிற்கும், அதன் பிறகுதான் திரும்பும். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் அந்த மாதங்களை வேறு மாதிரி தாண்டியிருப்பேன். வேலையை விட்டும் கூடுகிறதே என்று பயந்து, அடுத்த ஆஸ்பத்திரி, அடுத்த ஸ்கேன் என்று ஓடாதீர்கள். அது கூடுவதே சால்வென்ட் பாதிப்பின் அடையாளங்களில் ஒன்று.

ஆடி கழிந்து ஒரு கட்டத்தில் நின்றது. திரும்புவது ரொம்ப மெதுவு. நரம்பு ஒருநாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பார்கள், முட்டியிலிருந்து பாதம் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் பட்டை ஒன்று செருப்போடு போட்டுக்கொண்டேன், அதனால்தான் விழாமல் இருந்தேன். பிசியோதெரபி போய்க்கொண்டிருந்தபோது 2020 ஊரடங்கு வந்து அதுவும் நின்றது. வீட்டிலேயே துண்டைக் கால் விரலால் சுருட்டுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது என்று செய்தேன். உணர்ச்சி இல்லாத காலோடு வாழும்போது ஒரு விஷயம் முக்கியம். பைக்கில் ஏறும்போது சைலன்சர் பட்டு வெந்தது எனக்குத் தெரியவே இல்லை, வீட்டில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. தினமும் ராத்திரி பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், வெந்நீரைக் கையால் அல்லாமல் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கு சொல்கிறேன். வியாதி என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே சோதனை, ஸ்கேன், அட்மிஷன், கார் வாடகை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் போனது. இரண்டு வருடச் சம்பளம் தனி. எங்கள் ஷெட்டில் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்தோம், ஆனால் பாதிப்பேருக்குக் கூட இ.எஸ்.ஐ. போடவில்லை, பீஸ் ரேட் என்று காரணம் சொன்னார்கள். பீஸ் ரேட்டுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. என் வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருந்தது, அதில் மனைவி என்ற முறையில் எனக்கு இலவச வைத்தியம் கிடைத்தது, அது பெரிய உதவி. ஆனால் என் பெயரிலேயே இருந்திருந்தால் சம்பளமும் வந்திருக்கும். சாதாரண நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதம். வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்றுக்கொண்டால் தற்காலிக ஊனத்துக்குக் குணமாகும் வரை 90 சதவீதம். அதனால் டாக்டர் சான்றிதழில் 'நரம்பு பலவீனம்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள், வேலையில் சால்வென்ட் பட்டதால் வந்த நரம்புப் பாதிப்பு என்று காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காரண வரி இல்லாத காகிதத்தை வைத்து, வேலையால் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்து முப்பதாயிரம் தருவதாகச் சொல்லி, எழுதாத ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்டார். கடன்காரர்கள் வாசலில் நிற்கும் நேரம், கை நீண்டுவிடும் நிலைமைதான். தொழிற்சங்கத்தில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் தடுத்தார். நஷ்டஈடு கேட்கும் உரிமையை அப்படிக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது, ஒப்பந்தம் செய்தாலும் அதைத் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய வேண்டும், மனுவை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த சட்டத்தைச் சொன்னார். நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு என்னிடம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாம் கிடையாது. மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்கள், பீஸ் கணக்கு எழுதிய சின்ன நோட்டு, தீபாவளிக்கு ஷெட்டில் எடுத்த குரூப் போட்டோ, இவைதான் சாட்சி. கடைசியில் ஒன்றரை லட்சத்துக்குப் பேசி முடித்துப் பதிவு செய்தார்கள், கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம். பட்ட கஷ்டத்துக்கு அது ஈடில்லை, கடன் அடைந்தது. எனவே பீஸ் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், போன் மாற்றினாலும் மெசேஜை அழிக்காதீர்கள்.

வேலையை விட எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்துகொண்டே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது, கரி நிரப்பிய கார்ட்ரிஜ் உள்ள மாஸ்க்தான் தடுக்கும், அதையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். ஹெக்சேன் ஆவி காற்றைவிடக் கனம், கீழே தங்கும். சீலிங் ஃபேன் அதை ஷெட்டுக்குள்ளேயே சுற்றிவிடும், டேபிள் மட்டத்தில் வெளியே இழுக்கும் எக்சாஸ்ட் வேண்டும். தரையில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். கிண்ணத்துக்கு மூடி போடுங்கள், நனைத்த துணியை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கை கழுவத் தின்னர் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துச் சோப்பு போட்டால் பிசின் பெரும்பாலும் போய்விடும். நாற்றம் தெரியவில்லை என்பதால் காற்றில் இல்லை என்று நினைக்காதீர்கள், மூக்கு பழகிவிடும். அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் ஹெக்சேனுக்கு வைத்திருக்கும் அளவு, எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு. ஓவர்டைம் செய்தால் உடம்பு அதை வெளியேற்றக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. தண்ணீர் கலந்த பசைகள் இருக்கின்றன, காய நேரம் ஆகும், அதனால் முதலாளிகளுக்குப் பிடிக்காது. நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். தனியாகக் கேட்க முடியாதவர்கள் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம்.

இப்போது நான் நடக்கிறேன். ஓட முடியாது. வலது பாதத்தில் இரண்டு விரல்களில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. பலவீனம் குறைந்த பிறகு கால் விறைக்க ஆரம்பித்தது, தண்டுவடத்துக்குள் ஓடும் நீள நரம்புகளும் அடிபட்டிருப்பதால் சிலருக்கு அப்படி வரும், அது முதலில் பலவீனத்துக்கு அடியில் மறைந்திருக்கும் என்றார்கள். அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எதிர் டேபிள் பெண்ணை நான்தான் இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்ய வைத்தேன், அவளுக்குப் பாதத்தோடு நின்றது, ஆறு மாதத்தில் சரியாகிவிட்டாள். இப்போது தையல் மிஷினில் இருக்கிறாள். செருப்பைக் காட்டிய அக்கா இன்னும் சொல்யூஷன் வேலையிலேயே இருக்கிறார், இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு இருக்கிறது. அடுத்த வாரம் நரம்புச் சோதனைக்கு அவரை அழைத்துப் போகிறேன், தின்னர் கேனின் படத்தையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.